பங்குனியில் லீவு போடமாட்டேன்

மாசி பிறந்ததும் எனக்குத் தும்மல் தொடங்கிவிடும். காலையில் கண் விழிக்கும்போதே மூக்குக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அப்புறம் மூச்சு வாங்கக்கூட இடம் கொடுக்காமல் அடுத்தடுத்து வரும். கண் சிவந்து நீர் கொட்டும். அண்ணம் அரிக்கும், காதுக்குள் அரிக்கும். சித்திரையில் ஒரு கோடைமழை பெய்தால் தானாக ஓடிவிடும். மறுபடி அடுத்த மாசியில் வந்து நிற்கும்.

கல்யாணத்துக்கு முன்பு கரும்பு வெட்டப் போன நாட்களிலேயே இது உண்டு. வெட்டவெளியில் தும்மினால் யார் கேட்கப்போகிறார்கள்? சோறு ஆக்கும் இடத்தில் தும்மியபோதுதான் ஊர் திரும்பிப் பார்த்தது.

கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கும் வேலை எனக்கு. வீடு கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில். காலையில் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, மலைப்பாதை தொடங்குவதற்கு முந்தின நிறுத்தத்தில் இறங்குவேன். பள்ளியைச் சுற்றி மாந்தோப்பு. சமையல்கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு புங்கமரம். மாம்பூ கொட்டி முடிக்கும் முன்பே புங்கம்பூ கொட்டத் தொடங்கும். எனக்கு இடைவெளியே கிடைக்காது.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்.

“டி.பி. எல்லாம் இல்லம்மா. பூவுல இருந்து பறக்குற தூள் உனக்கு ஒத்துக்கல. அலர்ஜி. யாருக்கும் ஒட்டாது.”

“எப்ப சார் போவும்?”

“போவாது. சமாளிச்சுக்கினு இருக்க வேண்டியதுதான்.”

சமாளிக்கக் கற்றுக்கொண்டேன். அவர் கொடுத்த மாத்திரையை முதல் நாள் காலையில் விழுங்கிவிட்டு, சோறு வடிக்கும்போது கண் சொருகி, உதவியாள் என் தோளைப் பிடித்து இழுக்கும்படி ஆனது. அன்றிலிருந்து அதை ராத்திரி படுக்கும்போதுதான் போட்டேன். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். தண்ணீர் தெளிக்காமல் துடைப்பத்தைத் தொடுவதில்லை. தும்மல் வரும்போல் இருந்தால் அடுப்பை உதவியாளிடம் விட்டுவிட்டு அடிபம்புக்கு ஓடுவேன். தும்மித் தீர்த்து, முகத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் உள்ளே வருவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளியல். துவைத்த துணியை வெளியே உலர்த்தாமல் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டினேன். ஈரப்புடவையில் தலை இடித்துக்கொண்ட என் வீட்டுக்காரர், “வூட்டுக்குள்ள இன்னா அடைமழையா?” என்று கேட்பார். கேட்டபடியே குனிந்து போய்விடுவார்.

ஒரு பங்குனியில் பெற்றோர் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மாந்தோப்புக்குச் சொந்தக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பிள்ளைகள் எங்கள் பள்ளியில்தான் படித்தார்கள். நான் வேலைக்கு வந்த புதிதில், உப்பு ஜாஸ்தி என்று சொல்லித் தம் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் வீட்டிலிருந்து டப்பா கொடுத்தனுப்ப வைத்தவர் அவர். பிரச்சினை உப்பு அல்ல, நான் எந்தத் தெரு என்பதுதான். அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். தினம் முட்டை போடத் தொடங்கியதும் பிள்ளைகள் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பந்தியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது அவருக்கு என் மூக்கு கிடைத்துவிட்டது.

“தும்மிக்கினே ஆக்குற சோத்த எம்புள்ள துன்னணுமா? அது இன்னா வியாதியோ, யாரு கண்டா?” என்றார்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான், ஆனால் சண்டை என்றால் பயம். என் பக்கம் திரும்பி, “ரெண்டு மாசம் லீவு போட்டுடும்மா. அப்புறம் பாத்துக்கலாம்,” என்றார்.

அந்த ‘அப்புறம்’ வராது. நான் திரும்பி வரும்போது அந்த அடுப்புக்கு முன்னால் வேறு ஒருத்தி நிற்பாள்.

“போடமாட்டேன் சார்,” என்றேன்.

தோப்புக்காரரைப் பார்த்தே பேசினேன்.

“ஒட்டுற வியாதி இல்லன்னு டாக்டரு படம் எடுத்துப் பாத்துச் சொல்லிட்டாரு. நம்பலன்னா எங்கூட பெரியாஸ்பத்திரிக்கு வாங்க, அவரு வாயால கேளுங்க. உங்க தோப்பு பூத்தா எனக்கு மூக்கு ஒழுவுது. மரத்த வெட்டுங்கன்னு நான் கேட்டனா? மூஞ்சில துணியக் கட்டிக்கினு என் வேலையப் பாக்குறேன். நீங்க மட்டும் எப்பிடி என்ன வேலைய வுட்டுப் போவச் சொல்றீங்க?”

“வாய் ஜாஸ்தியா இருக்கே உனக்கு!”

“மூக்கப் பத்திப் பேசத்தான கூப்ட்டீங்க, வாயப் பத்தி இன்னா?”

பின்னால் நின்ற பெண்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பாக இருந்தது. “சமையல்கூடம் தொறந்துதான் கெடக்குது. யாரு வேணும்னாலும் வந்து ஒக்காந்து பாருங்க,” என்று சொல்லிவிட்டு, கூட்டம் முடியும்வரை அங்கேயே நின்றேன்.

மறுநாள் சில பிள்ளைகள் மறுபடி டப்பாவோடு வந்தார்கள். அண்டாவில் சோறு மிஞ்சியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. உதவியாளுக்குத் தெரியாமல் முகத்தைத் துணியால் இழுத்து மூடிக்கொண்டேன்.

அந்த வாரமே தோப்புக்காரரின் மனைவி வந்தார். வேவு பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அருவருப்பு போலிருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. காய் அரிவதை நிறுத்தாமல் இருந்தேன். திடீரென்று அவர் எழுந்து அடிபம்புப் பக்கம் ஓடினார். எட்டிப் பார்த்தேன். குனிந்து, பம்பைப் பிடித்துக்கொண்டு, என்னைப் போலவே மூச்சுவிடாமல் தும்மிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

“உங்களுக்குமாம்மா?”

“வருசா வருசம். சளி ஒடம்புன்னு சொல்லி கசாயம் வெச்சுக் குடுப்பாங்க. தோப்புக்கு நடுவுல வூடு, எங்க போறது?”

“அப்ப உங்க வூட்ல இந்த மாசம் யாரு ஆக்குறாங்க?”

“நாந்தான். வேற யாரு?”

“அவரு துன்றாரா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

“இத அன்னிக்கிக் கூட்டத்துல வந்து சொல்லியிருக்கலாம் இல்ல?”

“எனக்கு உன்ன மாதிரி பேச வராதும்மா.”

“எனக்கு மட்டும் பொறந்தப்பவே வந்துச்சா?”

சொன்ன பிறகு, அவர் நின்ற விதத்தைப் பார்த்ததும் கோபம் கொஞ்சம் இறங்கியது. என் புடவைத் துணியில் ஒரு துண்டு கிழித்து நனைத்துக் கொடுத்தேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டு, நான் சாம்பாரை இறக்கும்வரை இருந்துவிட்டுப் போனார்.

அவர்கள் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. சில நாள் கழித்து அவருடைய பிள்ளைகள் டப்பா இல்லாமல் வந்து தட்டோடு வரிசையில் நின்றார்கள். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். தோப்புக்காரர் என்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, பேசவும் இல்லை. அது எனக்குத் தேவையாகவும் இல்லை. தலைமையாசிரியர் லீவு என்ற பேச்சை அதன் பிறகு எடுக்கவே இல்லை.

பள்ளி இல்லாத ஒரு நாள், அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதற்காகவே பள்ளி நிறுத்தம்வரை போனேன். மலையிலிருந்து இறங்கிவந்த பஸ்ஸில் ஏறினோம். பின்னால் இரண்டு பேர் உட்காரும் ஒரே ஒரு சீட்தான் காலியாக இருந்தது, அவர் உட்கார்ந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நகர்ந்து இடம்விட்டு, “ஒக்காரு,” என்றார். உட்கார்ந்தேன். வழியெல்லாம் தோப்புகள் பூத்துக் கிடந்தன, ஜன்னல் கண்ணாடியும் இறங்கவில்லை. நான் தும்மி முடித்தால் அவர் தொடங்கினார். முன்சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். கண்டக்டர் இரண்டடி தள்ளியே நின்றார்.

“இன்னாம்மா, ரெண்டு பேருக்கும் இன்னா வியாதி? வண்டியில ஜனம் இருக்குது பாரு.”

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“பூத்தூள் அலர்ஜி. ஒட்டாது. ரெண்டு கள்ளக்குறிச்சி குடு.”