கிளெனிஸ் மரத்துச் செர்ரி

கிளெனிஸ் பர்ட்டெலுக்கு வாய் நீளம். பக்கத்து வீட்டில் இத்தனை காலம் குடியிருந்து காது புளித்தவன் சொல்கிறேன். ஹுவான் ஆற்றோரத்துப் பண்ணைப் பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றிப் போனவள் அவள். பின் இருக்கையில் எவனாவது சேட்டை செய்தால், ஓட்டிக்கொண்டே அவன் அப்பன் பெயரைச் சொல்லித் திட்டுவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். குரல் ஓய்வு பெறவில்லை.

அந்த வாய்தான் அவளை மாட்டிவிட்டது. எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் வருவது கோடையில், செர்ரி பழுக்கும்போது. அதற்கு முந்தைய ஞாயிறு, தீயணைப்புத் தொண்டர்களுக்கு ஊர் மண்டபத்தில் விருந்து வைப்போம். மேசை நடுவில் வைக்கிற பெரிய செர்ரிக் கிண்ணம் எப்போதும் ட்ரெவர் டில்யார்டின் தோட்டத்திலிருந்து வரும். மலைச்சரிவு முழுக்க அவன் தோட்டம்தான், வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிற பழம். மரங்கள் பூத்து முடிந்த சமயம், விருந்துக்கு ஏற்பாடு செய்யக் கூடியிருந்தபோது அவன் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டான்.

"கிளெனிஸ், உன் வீட்டு மரத்துப் பழத்தை என்னிக்காவது மனுஷன் தின்னிருக்கானா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

"இந்த வருஷம் கிண்ணம் என் மரத்துலேருந்து வரும். நீ கையை வீசிக்கிட்டு வா, போதும்" என்றாள்.

சொல்லிவிட்டாள். இனி அவளால் பின்வாங்க முடியாது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உனக்கென்ன கிறுக்கா? போன வருஷம் ஒரு கைப்பிடிகூடத் தேறலையே."

"போன வருஷம் நான் சண்டைக்கு இறங்கல, நெவில்."

முதல் சண்டை புழுவோடு. நத்தை போல வழவழவென்று, கறுப்பாக, இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கிற சனியன். மருந்து வாங்கி அடி என்றேன். கேட்கவில்லை. கணப்படுப்புச் சாம்பலை மாவுச் சல்லடையில் போட்டு, ஏணியில் நின்று சலித்தாள். ஏணியைப் பிடித்தவன் நான். பாதிச் சாம்பல் என் தலையில். மழை பெய்து கழுவிவிடும், மறுபடி ஏறுவாள். மூன்றாம் தடவையில் புழுக்கள் காய்ந்து உதிர்ந்தன.

அடுத்தது பறவை. கடையில் விற்கிற வலையின் கண்ணில் விரல் நுழையும். அப்படி ஒரு வலையில் சிக்கி போசம் என்கிற மரமேறி விலங்கு ஒன்று காலறுந்து கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதைத் தொடமாட்டேன் என்றாள். பழைய ஜன்னல் லேஸ் திரை தேடினாள். அதற்காகத் தன் பழைய பேருந்துத் தடத்திலேயே வீடு வீடாகப் போனாள். அவள் பேருந்தில் அழுதுகொண்டே ஏறிய பிள்ளைகள்தான் இப்போது அந்த வீடுகளில் அம்மாவும் அப்பாவும். ஒரு வீடுகூட இல்லையென்று சொல்லவில்லை. பூப்போட்டது, மீன்போட்டது, புகையில் மஞ்சளானது என்று கார் நிறையத் திரையோடு வந்தாள். எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டுத் தைத்தாள்.

காய் சிவக்கத் தொடங்கியதும் போர்த்த ஏறினோம். மேலே போனவள் திரையை விரிக்காமல் அப்படியே நின்றாள். என்னவென்று எட்டிப் பார்த்தேன். வெயில் பக்கத்துப் பெரிய கிளையில் ஒரு கூடு, அதில் நாலு குஞ்சு. மஞ்சள் மூக்குக் கருங்குருவியின் கூடு. ஊரிலேயே பெரிய செர்ரித் திருடன் அதுதான்.

"எடுத்து வீசு. இதுக்கெல்லாம் சட்டத்துல பாதுகாப்பு கிடையாது" என்றேன்.

"குஞ்சு இன்னும் எதையும் திருடல."

"திருடும்."

"திருடட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

போர்த்தினால் தாய் உள்ளே வரமுடியாது, போர்த்தாவிட்டால் பழம் மிஞ்சாது. ஏணியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்தக் கிளையை மட்டும் வெளியே விட்டு, அதன் அடியில் திரையை இறுக்கிக் கட்டினாள். மரத்திலேயே அதிகம் காய்த்த கிளை அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊர் முன்னாடி உன் மானம் போகப்போகுது, பாத்துக்கோ" என்றேன்.

"என் மானம்தானே. நீ ஏன் துள்ற?"

ஒரே வாரத்தில் அந்தக் கிளை மொட்டை. தாய்க்குருவி தின்றது, ஸ்டார்லிங் பறவைக் கூட்டம் தின்றது, கிளிகள் தின்றதைவிடக் கொட்டியது அதிகம். கிளெனிஸ் சமையலறை ஜன்னலில் நின்று, பேருந்தில் பிள்ளைகள் முன்னால் சொல்லாமல் அடக்கி வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் சொன்னாள். ஆனால் கூட்டுப் பக்கம் பூனையை அண்டவிடவில்லை. குஞ்சுகள் பறந்த பிறகுதான் திரையை அவிழ்த்துப் பறித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தை என் காரில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கருஞ்சிவப்பு, ஒன்றில்கூடக் கொத்தல் இல்லை. மேசையில் வைத்தாள். விளிம்புக்கு இரண்டு விரல் குறைந்தது.

ட்ரெவர் வந்தான். கையை வீசிக்கொண்டு வரவில்லை. எப்படியும் தேவைப்படும் என்று ஒரு பெட்டிப் பழத்தோடு வந்தான். பெட்டியைத் தரையில் வைத்துக் கிண்ணத்தைப் பார்த்தான். ஒன்றை எடுத்துத் தின்றான். இன்னொன்று. மண்டபமே அவன் வாயைப் பார்த்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா குறையுதே" என்றான்.

"அது நாலு குஞ்சு வளத்த கூலி" என்றாள் கிளெனிஸ். பின் இருக்கை வரை கேட்கிற அந்தக் குரலில்தான் சொன்னாள். "குடுத்தது நான். பறிகுடுக்கல."

யாரும் சிரிக்கவில்லை. திரை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கிண்ணத்தில் கைவிட்டார்கள். ட்ரெவர் மூன்றாவது பழத்தையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, குனிந்து தன் பெட்டியைத் தூக்கி வாசலைப் பார்த்து நடந்தான்.

கதவை நான்தான் திறந்துவிட்டேன். அத்தனை சந்தோஷமாக யாருக்கும் நான் கதவு திறந்ததில்லை.