வலி நின்ற கால்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு இடுப்பு வலி வருவது ஒரு அதிசயமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இது இடுப்போடு நிற்கவில்லை. வலது புட்டத்தில் கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, பெருவிரல் வரைக்கும் சுண்டி இழுத்தது. இருமினால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் இன்னும் மோசம். என் பிழைப்போ நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற பிழைப்பு.

"டாக்டரைப் பாத்தறலாங்க," என்றாள் மனைவி. "கால் வரைக்கும் வலி இறங்குனா அது நரம்புக் கோளாறுன்னு பக்கத்து ஊட்டு நர்ஸக்கா சொல்றாங்க."

"நீ சும்மா இரு அம்மணி. ஸ்கேனு, ஆபரேசன்னு ஆளைப் படுக்கப் போட்டுருவாங்க. அப்பறம் வேனை யாரு ஓட்டறது?"

எங்கள் பக்கத்தில் இதை வாயுப் பிடிப்பு என்பார்கள். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்த ஆள் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்று ஒரு நம்பிக்கை. என் கெட்ட நேரம், அப்படிப் பிறந்தவன் சொந்தத்திலேயே இருந்தான். என் மனைவியின் தம்பி. பெருந்துறையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், நல்ல வாட்டசாட்டமான ஆள். கூப்பிட்டதும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டான். பாயில் குப்புறப் படுத்தேன்.

"மூச்சை இழுத்துப் புடிச்சுக்குங்க மாமா," என்று குதிகாலை வைத்து ஒரு மிதி மிதித்தான். எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

ஆனால் அடுத்த வாரமே வலி போயே போய்விட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. மச்சானை வரவழைத்து நாட்டுக்கோழி விருந்து வைத்தேன். "இப்ப என்ன சொல்றாங்க உன்ர நர்ஸக்கா?" என்று மனைவியைச் சீண்டினேன். அவள் குழம்பு ஊற்றினாள்.

அதற்குப் பிறகு ஒருமுறை வாசலில் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் வேன் வரைக்கும் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். படி ஏறும்போது பாதம் தட்டியது. மச்சான் மிதித்த அசதியில் கால் மரத்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். அப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, சிங்காநல்லூர் சிக்னலில் பிரேக்கை மிதித்தேன். மிதித்ததாக நினைத்தேன், அவ்வளவுதான். கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்த பிறகுதான் வண்டி நின்றது. முன்னால் நின்ற ஸ்கூட்டருக்கு ஒரு முழம்தான் மிச்சம். பின்சீட்டில் குழந்தைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு டிரைவரை வரச்சொல்லி வண்டியைக் கொடுத்துவிட்டு, மனைவியோடு வலிக்கென்றே வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் போனேன்.

"வலியெல்லாம் சுத்தமா போயிருச்சுங்க," என்றேன் அவரிடம், கொஞ்சம் பெருமையாகவே.

குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது பாதம் தொங்கியது. பெருவிரலைத் தூக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தேன். அது அசையவில்லை.

"வலி இருக்கறப்பவே வந்திருக்கோணுங்க," என்றார். "வலி நின்னது குணமானதுனால இல்லீங்க. முதுகுல நரம்பு நசுங்கி, வேலை செய்யறத நிறுத்திப்போட்டுது."

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான் பயந்த ஆபரேஷனும் நடந்தது. நரம்புக்கு உயிர் திரும்பினால் காலில் எரிச்சலும் குத்தலும் வரலாம், திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, அதுவரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது என்றார்கள்.

இப்போது கட்டிலில் காலை நீட்டி அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆத்திரமாக வருகிறது. யாரைத் திட்டுவது? வலி வேண்டும் என்று சாமியைக் கும்பிடுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். தினமும் காலையில் மனைவி கால்மாட்டில் உட்கார்ந்து, பெருவிரலை நகத்தால் கிள்ளிவிட்டு, "வலிக்குதுங்களா?" என்று கேட்பாள். இல்லை என்றதும் அவள் முகம் வாடிப்போகும்.

இன்றைக்கும் வந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். "லேசா வலிக்குது அம்மணி," என்றேன்.

"நான் இன்னும் கிள்ளவே இல்லீங்க," என்றாள்.