அலமாரிமேல் பச்சை விளக்கு

இதைக் கேட்டவர்கள் எல்லாம் நெட்வொர்க் கோளாறு என்கிறார்கள். நெட்வொர்க் கோளாறைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. சந்தவாசலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். என் தம்பி மேல் ஆணையாகச் சொல்கிறேன், இது நடந்தது.

தம்பி மோகனுக்கு ஜமுனாமரத்தூர் பக்கம் மலைமேல் வீடு. புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்தவன். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. சளி அடைத்தால் இருமித் துப்பக்கூட முடியாது. யாராவது ஓடிப்போய்த் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அதனால் கட்டிலுக்கு எதிரே அலமாரிமேல் ஒரு கேமரா வைத்து, அங்கிருந்த லேப்டாப்பில் சொருகி, நெட்வொர்க்கில் ஷேர் செய்திருந்தேன். என் கடைக் கம்ப்யூட்டரிலேயே சொருகியது போலப் படம் வரும்; அவன் திணறுவது தெரிந்தால் பக்கத்து வீட்டுக்கு போன் செய்வேன். யாராவது பார்க்கும்போது கேமராவில் பச்சை விளக்கு எரியும். ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான் அதை எடுக்க முடியும்.

அன்று சந்தை நாள். ஊரே சந்தைக்குப் போய்விடும். அவன் மனைவி நீலாவதியும் என்னை அவ்வப்போது போன் போட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மாலை 5.40. அடைமழை. அன்றைக்கு முதல் தடவையாகக் கேமராவுக்குக் கனெக்ட் கொடுத்தேன்.

'கேமரா வேறொரு கம்ப்யூட்டரின் பயன்பாட்டில் உள்ளது.'

எரிச்சல்தான் வந்தது. வேறு யாருக்கும் நான் பாஸ்வேர்டே கொடுத்ததில்லை. மோகனுக்கு போன் போட்டேன். தலையணையோரம் இருந்த செல்போன், நான் செட் செய்திருந்தபடி தானாக எடுத்துக்கொண்டது.

“இன்னாணா, கேமராவுல பாக்கிறியா?”

“இல்லடா. எனக்குப் படமே வர்ல.”



“இருட்டுல பச்ச லைட்டு எரியுதேணா... அப்ப யாரு பாக்கிறது?”

போனை வைக்காமலே மறுபடி கனெக்ட் கொடுத்தேன். 5.46. படம் வந்தது. மங்கலாக மோகன். ஆனால் முகம் பெரிதாக இருந்தது. அந்தக் கேமராவில் ஜூம் கிடையாது.

படம் போனது. மறுபடி வந்தது. இப்போது கழுத்தும் முகமும் மட்டும்.

“டேய், கேமராவ யாராவது எடுத்தாங்களா?”

“வூட்ல யாருமில்லணா... லைட்டு மட்டும்... கிட்ட வருது...”

5.49. திரை முழுக்க அவன் கண்.

இமைக்கவில்லை.

கருவிழியில் ஒரு பச்சைப் புள்ளி...

“ணா... வந்துடுணா...”

க்ளக்.

அவன் தொண்டையில் ஒரே ஒரு சத்தம்.

பிறகு மழை...

பைக்கை எடுத்துக்கொண்டு மலையேறினேன். அழுதுகொண்டே ஓட்டினேன். முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது, போய்ப் பிரயோஜனமில்லை என்று. வாசலில் நீலாவதி தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே என் தம்பியின் உடம்பு சில்லிட்டிருந்தது.

அலமாரியைப் பார்த்தேன். காலி.

“கேமரா எங்கம்மா?”

அவள் சந்தைப் பையைக் காட்டினாள். தக்காளிக்கு அடியில், வயர் சுற்றியபடி கிடந்தது.

“காலையில அவரு தூங்கசொல்ல கழட்டிட்டேன் மாமா. ராவெல்லாம் லைட்டு தானா எரியுதுன்னு பயந்துட்டாரு. ரிப்பேருக்குக் குடுக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன். உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு...”

‘பாவம், பாக்க ஒரு ஆளில்லாம பூட்டானே’ என்று ஊர் அழுதது.

அப்படிப் போயிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.