மூன்றாவது வரிக்குப் பதில்

2003 ஜூன் 17, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். ஷேவ், குளியல், இரண்டு தோசை. திருவனந்தபுரம் கரமனையிலிருந்து 7.40 பஸ். மழைக்கு ஜன்னல் ஷட்டரை இறக்கியிருந்ததால் பேப்பர் படிக்க வெளிச்சம் போதவில்லை. ஒன்பதுக்கு முன்பே கழக்கூட்டத்தில் என் இருக்கையில் இருந்தேன்.

எங்கள் கம்பெனி இணையம் வழியாகப் பேசும் போன் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதைச் சோதிப்பது என் வேலை. அன்று வேறொரு கம்பெனியின் போனிலிருந்து அதை அழைத்தோம். மணி அடித்தது, எடுத்தேன், வெறும் கரகரப்பு.

இரண்டு போன்களும் பரிமாறிக்கொண்ட செய்திகளை அச்செடுத்துப் பார்த்தேன். அழைத்த போன் தான் கேட்பவை என்று இரண்டு வரிகள் அனுப்பியிருந்தது. முதல் வரி படம், இரண்டாவது குரல். எங்கள் போன் குரல் வரியை மட்டும் திருப்பி அனுப்பியிருந்தது. அழைத்த போன் பதில்களை வரிசைப்படிதான் பொருத்தும்; முதலில் வந்த பதிலைப் படத்துக்கு என்று எடுத்துக்கொண்டது. ஆகவே எங்கள் போனில் குரல் வந்து சேர வேண்டிய வாசல் எண்ணுக்கு, அதாவது போர்ட்டுக்கு, படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது; அதுதான் கரகரப்பு.

அந்தப் பகுதியை எழுதியவர் நாகர்கோவில்காரப் பெண்.

“நம்ம போன்ல ஸ்கிரீனே கிடையாதுல்லா சார். பொறவு அதுக்கு எதுக்கு ஒரு வரி?”

“கேட்டது ரெண்டுன்னா பதிலும் ரெண்டு. அதே வரிசை. வேண்டாம்னா போர்ட் இடத்துல பூஜ்யம் போடணும். வரியை எடுக்கப்படாது.”

“ஒண்ணும் சொல்லலேன்னா வேண்டாம்னு புரியாதா? எங்க மாமியாருக்கே புரியும் சார்.”

“மெஷினுக்குப் புரியாது.”

விதியுள்ள பக்கத்தை அவர் மேஜையில் வைத்தேன். மூன்றேகாலுக்குத் திருத்தித் தந்தார். குரல் தெளிவாகக் கேட்டது.

இரவு ஏழு மணிக்கு வீட்டு போன் அடித்தது. என் மகளைப் பெண் கேட்டிருந்த பாலக்காட்டுக் குடும்பம். பேசியவர் பையனின் அப்பா. முந்தைய வாரம் அவர் கடிதத்தில் மூன்று விஷயங்கள் கேட்டிருந்தார். நிச்சயதார்த்தம் ஆவணியில், இடம் எங்கள் ஊர் ஸ்ரீவராகம், கல்யாணத்துக்குப் பின் பெண் வேலையை விட வேண்டும். மகள் பள்ளியில் கணக்கு டீச்சர். விட மாட்டேன் என்று என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தாள். முதல் இரண்டுக்கும் சம்மதம் என்று எழுதினேன். மூன்றாவதைத் தொடவில்லை. முகத்தில் அடித்த மாதிரி எதற்கு, அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

“மூணாவதுக்கு நீங்க ஆட்சேபம் ஒண்ணும் எழுதலை. சந்தோஷம். குழந்தையை ஸ்கூல்ல ராஜினாமா லெட்டர் குடுத்துடச் சொல்லுங்கோ,” என்றார்.

“எழுதறேன்,” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். “முடியாதுன்னு நீங்க எழுதலையாப்பா?”

“எழுதலை.”

“வேறென்ன எழுதினேள்?”

“நிச்சயதார்த்தம். இடம்.”

என் மனைவி அடுக்களையிலிருந்து சொன்னாள்: “அதெல்லாம் நன்னா எழுதினார். அவ ஜோலின்னு வந்ததும் பேனாவுல மை தீர்ந்துபோச்சாக்கும்.”

மகள் அன்று என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

பதினெட்டாம் தேதி எழுந்ததும், ஷேவுக்கு முன்பாக, ஒரு இன்லண்ட் லெட்டரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் போட்டேன். மூன்றுக்கு எதிரே, என் மகள் வேலையை விட மாட்டாள் என்று எழுதினேன். மற்ற இரண்டையும் அதற்குப் பிறகு நிரப்பினேன்.