ரொசேர் வீட்டைக் காலி செய்த நாள்

ரொசேர் பெலீல், மான்ட்ரியலுக்குப் பக்கத்தில் எங்கள் சொரெல் நகராட்சியின் ஐஸ் ஹாக்கி அரங்கில் முப்பத்தொரு வருடம் பனித்தளத்தைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டியவர். மனைவி இறந்தபின் மகன் லொயிக்கைத் தனியாக வளர்த்தார். லொயிக் அமெரிக்காவில் பெரிய அணியில் ஐஸ் ஹாக்கி ஆடினான். ரொசேருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அரசுச் சம்பளத்தில் வீட்டுக்கு வரும் பராமரிப்பாளராக நான் இரண்டு வருடம் அவரைக் குளிப்பாட்டினேன், கால் வீக்கம் பார்த்தேன், உப்பை ஒளித்து வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்த மகன், "ஒப்பந்தம் முடியுதுப்பா. வீட்டுப் பக்கமே வந்துடலாம்போல இருக்கு" என்றானாம். அது போதும் ரொசேருக்கு. அவன் மான்ட்ரியல் அணிக்கு வருவான், தன்னைக் கூடவே வைத்துக்கொள்வான் என்று முடிவு கட்டினார். மார்ச் மாதம் வீட்டுக்காரருக்குக் கடிதம் கொடுத்தார்: வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்.

"பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"வந்ததும் தெரிஞ்சுக்குவான். நீ மாத்திரையை எடும்மா, ஹுகெத்."

எங்கள் மாகாணத்தில் வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் முப்பதோடு முடியும். ஜூலை ஒன்றாம் தேதி ஊரே வீடு மாறும். ஹாக்கி வீரர்கள் புது அணியில் கையெழுத்திடுவதும் அன்று நண்பகலில்தான். அந்த வருடம் அன்று பதினொரு மணிக்கே, ரொசேர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நின்றார்கள். ரொசேர் சலவைச் சட்டை போட்டு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டரைக்கு ஃபோன் அடித்தது. நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, டெக்சாஸ். ஏழு வருஷம்."

"மான்ட்ரியல்காரன் கூப்பிடலையா?"

"கூப்பிட்டான். அதே தொகைதான். ஆனா அங்கன்னா பாதிக்கு மேல வரிக்கே போயிடும்பா. டெக்சாஸ்ல மாநில வரியே கிடையாது. என் முட்டி இன்னும் எத்தனை வருஷம் தாங்குமோ."

"அந்த வரியிலதான்டா இந்த ஹுகெத் வந்து என் முதுகைத் தேய்க்குறா."

லொயிக் சிரித்தான். "நல்லாத் தேய்க்கச் சொல்லுங்க. வீடு எப்படி இருக்கு?"

ரொசேர் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். "அப்படியே இருக்கு."

ஃபோனை வைத்ததும், "நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்றேன்.

"சொன்னா பணம் அனுப்புவான். நான் பணமா கேட்டேன்?"

நோயாளி வேண்டாமென்றால் குடும்பத்துக்குச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. சொல்லவில்லை. மூன்று மணிவரை ஃபோனில் தேடினேன். ஒன்றரை மணிநேரப் பயணத்தில் ஒரு முதியோர் விடுதியில் ஒரே ஒரு படுக்கை காலியாக இருந்தது. புதுக் குடித்தனக்காரர்களே பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார்கள்.

செப்டம்பரில் ஒரு முறை போய்ப் பார்த்தேன். எடை இறங்கியிருந்தது. மகன் ஞாயிறுதோறும் கைப்பேசியில் கூப்பிடுவதாகவும், சொரெலில் இருப்பதாகவே தான் பேசுவதாகவும் சொன்னார்.

அக்டோபரில் ஆட்டங்கள் தொடங்கிய வாரம் டயாலிசிஸை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதன்பின் பத்து நாள்தான் உயிரோடு இருந்தார். மகனுக்கு யார் சொல்வது என்று விடுதியில் கேட்டார்கள். நான் சொன்னேன், வீட்டைக் காலி செய்ததிலிருந்து எல்லாவற்றையும். எந்த ஊருக்கு வர வேண்டும் என்றுதான் அவன் முதலில் கேட்டான்.