ராசா கழுத்தில் ஒரு வெட்டு

என்னிடம் பழைய இருபத்தைந்து சதக் காசு ஒன்று இருக்கிறது. ராசா தலை போட்டது. அந்த ராசாவின் கழுத்தில், காதுக்குக் கீழே தொடங்கித் தொண்டை வரைக்கும் ஒரு வெட்டு. மூக்கும் நசுங்கியிருக்கும். பழைய நாணயம் சேர்க்கிற ஒருவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழுதான காசும்மா, இதுக்கு விலை இல்ல" என்று கையில் கொடுத்தார். நான் அவரிடம் விலை கேட்கவேயில்லை. வெட்டும் நசுங்கலும் காசு அடித்த இடத்தில் விழுந்தவை அல்ல. இரண்டும் எங்கள் அம்மாவின் கைவேலை.

அப்போது நாங்கள் இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். வரிசையாக அறைகள் கட்டின லயத்தில் ஒரு காம்பரா எங்களுக்கு, அடுத்தது சித்தப்பாவுக்கு. நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடாது. அங்கே தாளித்தால் இங்கே தும்முவோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முந்தின வருடம் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டு, தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா கையை விரித்துவிட்டார். அம்மா காளியம்மனுக்கு ஒரு செவலைச் சேவல் நேர்ந்துகொண்டாள். அண்ணன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். மறு வாரமே அம்மா ஒரு குஞ்சு வாங்கி வளர்க்கத் தொடங்கினாள். சாமிக்கு உரியது என்பது அந்தச் சேவலுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு திமிர். மற்ற கோழிகளின் தீனியைத் தின்னும், என்னைக் கண்டால் துரத்தும். எனக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. திருவிழாவுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கும்போது, ஒரு நாள் காலையில் கூடையைத் தூக்கினால் உள்ளே சேவல் இல்லை.

"கீரி கொண்டு போயிருக்கும்" என்றார் அப்பா.

"ஏங்க, கீரி கூடையத் தூக்கிச் சேவல எடுத்துக்கிட்டு, மறுபடியும் கூடையக் கவுத்தி, மேல கல்லையும் வச்சிட்டா போகும்?"

அம்மா லயம் லயமாகப் போய்க் கேட்டாள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்குச் சேவல் போன வருத்தத்தைவிடப் பயம்தான் பெரிது. "சாமிக்குச் சொன்னது நிக்குது. இவனுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தா நான் யார் வாசல்ல போய் நிக்கிறது?" என்று சொல்லிச் சொல்லி, தூங்குகிற அண்ணனின் நெற்றியை அடிக்கடி தொட்டுப் பார்ப்பாள். கடைசியில், காசு வெட்டிப் போடப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

எங்கள் ஆட்கள் மதுரைச் சீமையிலிருந்து கொண்டுவந்த வழக்கம் அது. ஒரு சேவலுக்காகத் தோட்டத்துத் துரை விசாரணை வைக்கமாட்டார், அம்மன் வைப்பாள். அவள் முன்னால் ஒரு காசைக் கல்லின் மேல் வைத்து வெட்ட வேண்டும். காசு இரண்டாகப் போகக்கூடாது, காயம் மட்டும்தான் பட வேண்டும். வெட்டும்போது என்ன சொல்கிறோமோ அது குற்றவாளியைத் தேடிக்கொண்டு போய்விடும்.

"ஒரு சேவலுக்கா காசு வெட்டுறது? விடு புள்ள, வேற வாங்கிக்கலாம்" என்றார் அப்பா.

"வேற சேவல் வேறதான். நான் நேர்ந்தது அது."

அப்பா அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

தேயிலை மலை ஓரத்தில், பலா மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும். அதுதான் காளியம்மன் கோயில். அதைப் பார்த்துக்கொண்ட பண்டாரம் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "வெட்டுறது லேசு தாயி. நாளைக்கு மனசு மாறுனா, வெட்டுன நீயேதான் வந்து எடுக்கணும். சும்மாவும் எடுக்க முடியாது. சொன்ன சொல்ல எறக்கி வைக்க வேற எடம் காட்டணும்" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். காதில் விழுந்ததா என்பது சந்தேகம். தேயிலைச் செடியைக் கழிக்கிற அப்பாவின் கவ்வாத்துக் கத்தியைக் காசின் மேல் வைத்து, கல்லால் அதன் முதுகில் ஓங்கிப் போட்டாள்.

"என் புள்ளைக்கு நேர்ந்ததை எந்த வயிறு தின்னுச்சோ, அந்த வயிறு வெளங்கக் கூடாது தாயே."

திருடிய கை என்று சொல்லியிருக்கலாம். அம்மாவின் கோபம் தின்ற வயிற்றின் மேல் போய்விட்டது.

அன்று முதல் அடுத்த காம்பராவில் சித்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு நிறைமாதம். முன்பு இரண்டு தங்காமல் போய், இதுதான் தங்கியது. அம்மா கஞ்சியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவாள். "ஒரு வாயாவது குடி புள்ள. வயித்துல இருக்கிறது என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள். உடனே சித்தி ஓவென்று அழுவாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு இப்படித்தான் இருக்கும் என்று அம்மா எங்களுக்கு விளக்கம் சொன்னாள்.

சேவலைத் தின்றது சித்தி. இதை இனி மறைப்பதில் அர்த்தமில்லை. சித்திக்குக் கறி மேல் ஆசை வந்துவிட்டது. சித்தப்பா கையில் சல்லி இல்லை. தன் அண்ணன் வீட்டுச் சேவல்தானே என்று தூக்கிக்கொண்டு போய், சுவருக்கு மேலாக வாசனை வந்துவிடும் என்பதால் ஆற்றோரத்தில் வைத்துச் சுட்டு எடுத்துவந்து, காட்டுக்கோழி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். சம்பளம் வந்ததும் அதே நிறத்தில் ஒன்றைப் பிடித்துக் கூடைக்குள் விட்டுவிடுவது அவருடைய திட்டம். அம்மா அவரை முந்திக்கொண்டாள். காசு வெட்டப் போகிறாள் என்றதும் அவர் சித்தியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, அப்பாவிடமும் ஓடிவந்து சொல்லியிருக்கிறார். அப்பா, "வாயத் தொறக்காத, அவளே ஆறிப்போவா" என்று அனுப்பிவிட்டார். அம்மாவுடன் அத்தனை வருடம் வாழ்ந்த மனிதர் அப்படி நினைத்ததுதான் எனக்கு இன்றும் புரியவில்லை.

சித்திக்கு வலி கண்ட அன்று பகலிலேயே மலை இருட்டிக்கொண்டு மழை பெய்தது. தோட்டத்து மருத்துவச்சி வந்து வெகுநேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. சித்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். வெந்நீர்ப் பானையோடு நான் வாசலில் நின்றேன்.

"அக்கா" என்றாள் சித்தி. "அந்தச் சேவல நாந்தான் தின்னேன். காட்டுக்கோழின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. சத்தியமா எனக்குத் தெரியாது. என் புள்ளைய விட்ரச் சொல்லுங்க அக்கா."

அம்மா அவளுடைய தலையைத் தூக்கித் தலையணையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். "இந்த நேரத்துலயா ரோசம் பாக்கிறது" என்று உள்ளே இருந்த ஒருத்தி முணுமுணுத்தாள். நான் பானையை வைத்துவிட்டு அம்மாவின் பின்னால் ஓடினேன்.

அம்மா நேராகப் பலா மரத்தடிக்குப் போய்ச் சூலத்தின் அடியிலிருந்து காசை எடுத்தாள். அதைக் கல்லின் மேல் வைத்து, இன்னொரு கல்லால் அடித்தாள். வெட்டை மூடப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. வெட்டு மூடவில்லை, ராசாவின் மூக்குதான் நசுங்கியது. மறுபடியும் அடித்தாள். பிறகு கல்லைப் போட்டுவிட்டு நனைந்த தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வெட்டுனத நானே எடுத்துக்கிறேன் தாயே. சொன்ன சொல்ல என் வயித்துல எறக்கி வை. அவளை விட்ரு."

அம்மாவுக்குப் பசிக்கிறது என்று நான் நினைத்தேன். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

நாங்கள் லயத்துக்குத் திரும்பி வரும்போதே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. அம்மா வாசற்படியில் நின்றபடியே கேட்டுவிட்டு, காசைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். சேவலைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

சில வாரம் கழித்து, கொழுந்து பறிக்கப் போன இடத்தில் கூடையோடு அம்மா விழுந்துவிட்டாள். கொழுந்து லொறியில் படுக்கவைத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று எங்களுக்குச் சொன்னார்கள்.

காய்ச்சல் இல்லை. சித்தி பெற்ற அன்று அம்மா மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. நான் கல்யாணமாகி என் முதல் பிள்ளையைச் சுமந்தபோதுதான் சித்தி இதை என்னிடம் சொன்னாள். மழையில் வழுக்குகிற மலையில் கூடை சுமக்கிறவர்களுக்குப் பிள்ளை கலைவது புதிதில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். டாக்டர் சொன்னதைத்தான் நான் நம்புகிறேன். அம்மா கடைசிவரை நம்பவில்லை. எனக்குப் பிறகு எங்கள் காம்பராவில் தொட்டில் கட்டவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வந்த அன்று, சித்தி பிள்ளையைக் கொண்டுவந்து அம்மாவின் பாயில் கிடத்திவிட்டு, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். சித்தப்பா உள்ளே வராமல் வாசலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா பிள்ளையின் துணியை விலக்கி, விரல் விரலாகப் பார்த்தாள். வயிற்றைத் தடவினாள். "ஒண்ணும் ஆகல புள்ள. நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அப்பாவும் அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. போய்விட்ட ஒரு சேவலுக்காக இன்னும் எத்தனை நாள்தான் அழுவார்கள்? சம்பளத்தன்று வேறு ஒன்று வாங்கிவரும்படி அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும், அதுவும் செவலையாகப் பார்த்து வாங்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டு விளையாடப் போனேன்.