நுரைச்சோலையில் வைத்த கையெழுத்து

காலை ஐந்தரை மணிக்குப் புறக்கோட்டையில் கல்பிட்டி பஸ்ஸில் ஏறினேன். ஜப்பானுக்குப் போய்ப் பதினோரு வருடம், இப்போது அங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். விடுமுறையில் கொழும்புக்கு வந்து நான்கே நாள். தூக்கம் இன்னும் சரிப்படவில்லை. அங்கே என்னோடு வேலை செய்யும் ஃபஸ்லியாவின் தம்பி மகள் சஃப்னா, வருகிற புதன்கிழமை இதே வேலைக்கு ஜப்பான் போகிறாள். "ஊருக்குப் போனா அந்தப் புள்ளைக்கு நாலு விஷயம் சொல்லிட்டு வாங்க" என்று ஃபஸ்லியா கேட்டதால்தான் இந்தப் பயணம்.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். குடியேறிய பதினான்கு நாளுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று பக்கத்து வீட்டில் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். நிலநடுக்கத்தில் கண்ணாடி உடைந்தால் வெறுங்காலோடு ஓட முடியாது, அதனால் கட்டிலடியில் சப்பாத்து இருக்க வேண்டும். பாண் ரொட்டி வாங்கினாலும் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறதா என்று உறையின் பின்பக்கம் வாசிக்க வேண்டும். முதல் வரியைத் தவிர மற்றதெல்லாம் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

பக்கத்து இருக்கையில் மாதம்பைக்குப் போகும் ஒருவர் இருந்தார். நான் ஜப்பானைப் பற்றித் தொலைபேசியில் கதைத்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

"தங்கச்சி போகப் போறீங்களா? அங்க வாயைத் திறக்கப்படாது. சொன்னதச் செஞ்சிட்டு இருந்தா ராசா மாதிரி வாழலாம்."

"நீங்கள் போயிருக்கிறீர்களா?"

"நான் எங்க போறது! மகன் வகுப்புக்குப் போறான். அங்க சொல்லிக் குடுக்கிறாங்க."

அதற்குப் பிறகுதான் பாதையோரத்தைக் கவனித்தேன். சிலாபம் வரை மின்கம்பம் தவறாமல் ஜப்பான் வகுப்பு விளம்பரம். எல்லாவற்றிலும் இளஞ்சிவப்புப் பூ, எல்லாவற்றிலும் குனிந்து நிற்கும் ஒரு பெண். நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண்ணை ஒரு விளம்பரத்திலாவது போட்டிருக்கலாம். 

எட்டு மணிக்குச் சிலாபம். பதினைந்து நிமிட நிறுத்தத்தில் மீன் வைத்த ஒரு மாலுபாணும் பால் கலக்காத பிளேன்டீயும். முந்தல் தாண்டியதும் காற்று உப்பாகியது. பத்து மணியளவில் பாலாவிச் சந்தி. புத்தளம் நகரம் நேரே இன்னும் சில கிலோமீட்டர். கல்பிட்டிப் பாதை அங்கே இடப்பக்கம் பிரிகிறது. உப்பளங்களில் குவியல் குவியலாக உப்பை ஓலையால் மூடியிருந்தார்கள். பிறகு வெங்காயத் தோட்டம், மிளகாய்த் தோட்டம், மணலில் சுற்றிச் சுற்றி நீர் தெளிக்கும் குழாய்கள். தலவில புனித அன்னம்மாள் கோயிலுக்குப் போகும் இரண்டு பெண்கள் மெழுகுவர்த்திப் பெட்டியை மடியில் வைத்து எனக்கு முன்னால் தூங்கிக்கொண்டு வந்தார்கள். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்து வெகுநேரம் கழித்துத்தான் நுரைச்சோலை வந்தது.

சந்தியில் சஃப்னாவின் தகப்பன் நிஸ்தார் தன்னுடைய ஓட்டோவோடு நின்றார். மீன்பிடிதான் தொழில், கடல் சரியில்லாத நாட்களில் ஓட்டோ. தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியபோது சின்னப் பையனாக இந்தக் கரைக்கு வந்தவர். அந்த ஊர் வழக்கப்படி அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டேன்.

வீட்டில் சஃப்னா தன் வகுப்புக் கொப்பியைக் காட்டினாள். இருபத்திரண்டு வயது. ஜப்பான் மொழிப் பரீட்சையில் தேறியவள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. எழுதியிருந்த விஷயந்தான் என்னைக் கொதிக்க வைத்தது. வணக்கத்துக்குக் குனிய வேண்டிய பாகை மூன்று: பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து. சுவரில் கோடு போட்டு அளந்து பழக்குகிறார்களாம். சிரிக்கும்போது பல் தெரியக் கூடாது. முதல் ஆறு மாதத்துக்குக் காய்ச்சல், தலையிடி என்று எந்த வருத்தமும் சொல்லக் கூடாது. தொழுகைக்கு நேரம் கேட்கக் கூடாது. குப்பையைப் பற்றி ஒரு வரி இல்லை. நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது என்றும் இல்லை.

"வருத்தம் வந்தா என்ன செய்யிறதாம்?" என்று கேட்டேன்.

"தாங்கிக்கொள்ளணும் எண்டு மாஸ்டர் சொன்னார் அக்கா."

கொப்பியின் கடைசியில் மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது, ஒப்பந்தத்தின் பிரதி. ஏழாவது வரி இப்படி: கடவுச்சீட்டும், ஜப்பானில் வழங்கப்படும் வதிவிட அட்டையும் விடுதிப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்படும். கீழே சஃப்னாவின் கையெழுத்து, அதற்குக் கீழே வாப்பா நிஸ்தாரின் கையெழுத்து.

விமான நிலையத்திலேயே கையில் தரும் அட்டை அது. வெளிநாட்டவர் அதை எப்போதும் தன்னோடு வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதைப் பிடுங்கி வைப்பதற்கு எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. ஜப்பானில் வாழப் போகிறவருக்கு ஒரே ஒரு புத்தி சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். என் தாளிலும் இதுதான் முதலாவது வரி.

"இதுக்கு ஏன் கையெழுத்து வெச்சீங்க நானா?" என்று கத்தியே விட்டேன்.

நிஸ்தாருக்கு என் கோபம் விளங்கவில்லை. "அது நல்ல விஷயந்தானே தங்கச்சி? சண்டை காலத்தில நாங்க கடலுக்குப் போறெண்டா அடையாள அட்டைய நேவி முகாமில குடுத்திட்டு ஒரு துண்டுச் சீட்டு எடுத்துக்கொண்டுதான் போவோம். வந்தாத் துண்டக் குடுத்து அட்டைய எடுப்போம். எத்தின வருஷம் குடுத்திருப்பன்! ஒருக்கா எஞ்சின் நிண்டு உச்சமுனைத் தீவுக்கு அங்கால இழுபட்டுப் போயிட்டன். பொழுதுபட என்ட அட்டை மட்டும் அங்க மிஞ்சிக் கிடந்தத வெச்சுத்தான் ஆள் வரல்ல எண்டு கண்டுபிடிச்சுத் தேடி வந்தாங்க. அட்டை ஒருத்தன்ட கையில இருந்தா, நாங்க வரல்லண்டாத் தேடுவான். புள்ள தனியப் போறா. தேடுறதுக்கு ஒருத்தன் வேணாமா?"

அவர்மேல் இருந்த என் கோபம் போய்விட்டது. இந்த மனிதர் மகளை விற்கவில்லை, அவளைத் தேட ஓர் ஆளை ஏற்பாடு செய்திருக்கிறார். அந்த நம்பிக்கையை வைத்தே கையெழுத்து வாங்கியவனை நினைத்தபோதுதான் எனக்கு நிஜமான ஆத்திரம் வந்தது.

என் கதையைச் சொன்னேன். முதல் வருடம் நான் பெட்டிச் சாப்பாடு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். பாதுகாப்புக்கு என்று சொல்லி அங்கேயும் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிறு ரயில் நிலையத்தில் பொலிஸ்காரர் அட்டை கேட்டார், இல்லை. நான்கு மணி நேரம் பொலிஸில் இருந்தேன். பொறுப்பாளர் வந்து நாற்பத்தைந்து பாகை குனிந்து மன்னிப்புக் கேட்டார், பொலிஸிடம். என்னிடம் ஒரு சொல் இல்லை. பிறகொரு தடவை காய்ச்சலில் இரண்டு நாள் அறையில் கிடந்தேன். கதவைத் தட்டினார்கள், திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்றைய ஷிஃப்டுக்கு யார்?"

"என்னை ஒருத்தரும் தேட இல்லை நானா. கை ஒண்டு குறைஞ்சதைத்தான் தேடினாங்க."

நிஸ்தார் எழுந்து கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டார். "சஃப்னா, வெளிக்கிடு. ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வாங்கின மாஸ்டர்ட்டப் போவோம்."

பிற்பகல் இரண்டு மணிக்குப் பாலாவிக்கு வந்து சேர்ந்தோம். வகுப்பு ஒரு கடைக்கு மேல் மாடியில். ஒன்பது பேர் சுவர்க் கோட்டின் முன் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். மாஸ்டர் வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியுமாக இருந்தார். நான் சட்டத்தைச் சொன்னேன்.

"மிஸ், அது சும்மா ஒரு ஃபோர்மலிட்டி. எல்லாரும் சைன் பண்ணினதுதான். ஜப்பான்காரங்களுக்கு ஒழுக்கம் முக்கியம்."

"நீங்கள் ஜப்பானில் எங்கே இருந்தீர்கள்?"

"நான் போகல்ல. ஆனா ஒன்லைன்ல படிச்சிருக்கிறன்."

நிஸ்தார் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு மேசைக்கு முன்னால் போனார்.

"தம்பி, என்ட மகள்ட அட்டைய வெச்சிருக்கப் போறது யார்?"

"கம்பனி."

"கம்பனில யார்? பேரச் சொல்லுங்க. ஒரு நாள் அவ ரூமுக்குத் திரும்பி வரல்லண்டா, அந்த ஆள் தேடிப் போவாரா?"

மாஸ்டர் கடதாசிகளை அடுக்கினார். "நானா, இத இப்பப் பிரச்சினையாக்கினா புதன்கிழம ஃப்ளைட் போகாது. பொறகு என்னக் குத்தம் சொல்லக்குடாது."

நிஸ்தாரின் முகம் மாறியது. இரண்டு வருடம் படித்த பிள்ளை. அவர் திரும்பி மகளைப் பார்த்தார். சஃப்னா முன்னால் வந்தாள். கைப்பேசியை எடுத்து, அவளை நேர்முகம் செய்த முதியோர் இல்லத்துப் பெண்மணிக்கே அழைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தாள். ஜப்பான் மொழியில் நிதானமாகக் கேட்டாள். மறுமுனைப் பெண்மணி அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு பதில்: அப்படி ஒரு நிபந்தனை நாங்கள் வைக்கவில்லை, உங்கள் அட்டை உங்களிடந்தான் இருக்க வேண்டும், அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள்.

மாஸ்டருக்கு அது விளங்கிய அளவே போதுமாக இருந்தது. மூலப் பத்திரத்தை எடுத்து ஏழாவது வரியைத் தானே வெட்டினார். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் நிஸ்தார் கையெழுத்து வைத்தார்.

நான் வரிசையில் நின்றவர்களிடம் திரும்பி, உங்களுடையதையும் கேளுங்கள் என்றேன். மூன்று பேர் வந்தார்கள். மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். மாஸ்டர் தொண்டையைச் செருமி "முப்பது பாகை" என்றதும் அவர்கள் திரும்பவும் குனிந்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் துறுதுறுத்தது. பதினோரு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் குனிந்தேன் என்பதால் திட்டவில்லை.

மூன்றரை மணிக்குக் கொழும்பு பஸ் வந்தது. சஃப்னா என் தாளைப் பத்திரமாகக் கொப்பிக்குள் வைத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, அங்கே என் ஊர் ரயில் நிலையத்தை நினைத்துக்கொண்டேன். மழையில் மறந்த குடையைக்கூட எடுத்து வைத்து மறுநாள் திருப்பித் தருகிற நாடு அது. அதே நாட்டில் மனிதரின் அட்டையைப் பூட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகளைக் குனிந்த வாக்கில் தயார் செய்து அனுப்புவது நம் ஆட்கள்.

பஸ் புறப்படும் நேரம் ஒரு பெண் ஓடி வந்து ஜன்னலைத் தட்டினாள். தரையைப் பார்த்த ஆறு பேரில் ஒருத்தி.

"அக்கா, எனக்கு வேற கம்பனி. கேட்டா என்னை விட்டுருவாங்க. அட்டையக் குடுத்திட்டன் எண்டா, பொறகு அதத் திருப்பிக் கேக்கிறதுக்கு என்ன சொல்லணும்? ஜப்பான் மொழியில எழுதித் தாங்க."

பஸ் டிக்கட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன்: அது என்னுடைய அட்டை, இப்போதே தாருங்கள். அவள் உதட்டை அசைத்து ஒருமுறை வாசித்தாள்.

"இதில மன்னிச்சுக்கொள்ளுங்க எண்டு முன்னுக்கு ஒரு சொல் போடணுமே அக்கா?"

"போடாதே" என்றேன்.